வீட்டாரும் நடந்து பார்க்கட்டும்

(இதய சிகிச்சை முடித்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில், இதயநோய் மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நடைப்பயிற்சியின் நன்மைகள் பற்றி நான் இன்று பேசப்போவதில்லை. அது இங்கே எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர் சொல்வார், பேரன் கைப்பேசியில் காட்டுவான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியிலும் கடைசி வரியாக ‘தினமும் நடக்கவும்’ என்று எழுதியிருக்கும். நன்மை தெரியாததால் யாரும் நடக்காமல் இருப்பதில்லை. தெரிந்தும் கால் எழவில்லை. காலையில் ஐந்து மாத்திரை, இரவில் நாலு மாத்திரை என்று கணக்குத் தவறாமல் விழுங்குகிற அதே மனிதர், நடை என்றால் மட்டும் மூன்றாவது மாதத்தில் மறந்துபோகிறார். ஏன்? இன்றைக்கு அதைத்தான் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

என்னுடைய கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோம்பேறித்தனம் காரணம் என்று பல மருத்துவர்கள் நினைக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோரைத் தடுப்பது பயம். அந்தப் பயத்தில் பாதி நோயாளியுடையது. மீதிப் பாதி அவர் வீட்டில் இருப்பவர்களுடையது. இந்த இரண்டாவது பாதியை நாங்கள் யாரும் கண்டுகொள்வதே இல்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், உங்கள் பாட்டியிடமிருந்து வரவில்லை. மருத்துவர்களாகிய எங்களிடமிருந்துதான் வந்தது.

இங்கிலாந்தில் வில்லியம் ஹெபர்டன் என்று ஒரு மருத்துவர். நடந்தால் நெஞ்சு இறுக்கிப் பிடிப்பதும் நின்றால் விட்டுப்போவதுமான நோயை 18ஆம் நூற்றாண்டில் முதன்முதலாகத் தெளிவாக எழுதி வைத்தவர் அவர்தான். ஆஞ்சைனா என்று இன்றும் அவர் கொடுத்த பெயரைத்தான் சொல்கிறோம். அந்த நோய் இருந்த ஒருவர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுக்கும் வேலையைத் தனக்குத்தானே விதித்துக்கொண்டார் என்றும், ஏறக்குறையக் குணமாகிவிட்டார் என்றும் ஹெபர்டன் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வந்தவர்கள் நேர் எதிர்த் திசையில் போனார்கள். 1939இல் அமெரிக்காவில் மூன்று மருத்துவர்கள், மாரடைப்பால் இறந்தவர்களின் இதயங்களை ஆராய்ந்து, செத்த தசை இறுகிய தழும்பாக மாறுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் ஆகிறது என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிப்பு சரியானதுதான். அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்தான் விபரீதம். தழும்பு இறுகும்வரை இதயத்துக்கு வேலையே கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கிழிந்துவிடும் என்று முடிவு கட்டினார்கள். ஆறு வாரம் படுக்கை. தானாக எழுந்து உட்காரக் கூடாது, சோற்றை இன்னொருவர் ஊட்ட வேண்டும், கழிப்பதெல்லாம் படுக்கையிலேயே. நோயாளிகள் பலர் மாரடைப்பிலிருந்து தப்பி, படுக்கையில் கிடந்ததால் காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் இறந்தார்கள்.

பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவைன் என்ற மூத்த மருத்துவரும் பெர்னார்ட் லவுன் என்ற அவருடைய இளம் சீடரும் 1950களின் தொடக்கத்தில் ஒரு காரியம் செய்தார்கள். மாரடைப்பு வந்தவர்களைச் சில நாளிலேயே கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்று அது கொலைபாதகம் போலப் பார்க்கப்பட்டது. 81 நோயாளிகளை அப்படி உட்கார வைத்துப் பார்த்து 1952இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகுதான் படுக்கை விதி மெல்லத் தளர்ந்தது. இதே லவுன்தான் தாறுமாறான இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவியைப் பிற்பாடு செப்பனிட்டுக் கொடுத்தவர். அணு ஆயுதத்துக்கு எதிராக மருத்துவர்களைத் திரட்டி, அந்த அமைப்பு 1985இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியபோது அதன் தலைவர்களில் ஒருவராக மேடையில் இருந்தவரும் அவர்தான். என்னைக் கேட்டால், அந்த நாற்காலிக்கும் ஒரு நோபல் கொடுத்திருக்கலாம்.

1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைப் பார்க்க வரவழைக்கப்பட்ட இதய நிபுணர் பால் டட்லி வைட். ஆறு வாரக் கணக்குச் சொன்ன 1939ஆம் ஆண்டு ஆய்வில் பெயர் இருந்த மூவரில் ஒருவர் இந்த வைட்தான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதே மனிதர் இப்போது ஜனாதிபதியைப் படிப்படியாக எழுப்பினார், நடக்கவிட்டார், வேலைக்குத் திரும்பலாம் என்றார். வைட்டுக்குச் சைக்கிள் என்றால் உயிர். முதிய வயதிலும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐசனோவர் மறுபடி கோல்ஃப் ஆடினார், 1956இல் மறுபடி தேர்தலில் நின்று ஜெயித்தார். மாரடைப்பு வந்த மனிதன் அதோடு முடிந்தான் என்ற எண்ணம் உலகம் முழுக்க அசைந்தது அப்போதுதான்.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு ஒரே ஒரு சான்று சொல்லிவிட்டு இந்தப் பழங்கதையை விடுகிறேன். 1966இல் டல்லஸ் நகரில், நல்ல ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து, அவர்கள் உடலின் உழைக்கும் திறனை அளந்தார்கள். கால் பங்குக்கும் மேல் இறங்கியிருந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. நோயில்லாத இருபது வயதுப் பையனுக்கே இந்தக் கதி. ‘மூணு மாசம் ரெஸ்ட்ல இருக்கச் சொன்னாங்க’ என்று யார் சொன்னார்கள் என்றே தெரியாமல் கட்டிலில் கிடக்கிற அறுபது வயதுக்காரரை இப்போது நினைத்துப் பாருங்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களிடம் இரண்டு விதமான மனநிலையைப் பார்க்கிறேன். ஒருவர், ‘அடைப்பை எடுத்தாச்சு டாக்டர், இனிமே என்ன?’ என்பார். கையில் மணிக்கட்டு வழியாக ஒரு குழாயை விட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்பிவிட்டதால், நோயே அவ்வளவுதான் என்ற நினைப்பு. இன்னொருவர் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்துகொண்டவர். ‘நான் ஹார்ட் பேஷண்ட்’ என்ற ஒரே வார்த்தைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். முதலாமவருக்குப் பயமே இல்லை, இரண்டாமவருக்குப் பயம் மட்டுமே இருக்கிறது. இரண்டு பேரும் நடப்பதில்லை.

முதலாமவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் குடிநீர்க் குழாய் ஓரிடத்தில் அடைத்துக்கொண்டால் அந்த ஒரு முழத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறார்கள். மீதிக் குழாய் அதே பழைய குழாய்தான். ஸ்டென்ட் வைத்த இடம் திறந்திருக்கிறது. ஆனால் கொழுப்பு படிகிற நோய் உங்கள் ரத்தக்குழாய்கள் நெடுகிலும் இருக்கிறது. அந்த மீதியைப் பார்த்துக்கொள்வது மாத்திரையும், புகையை விடுவதும், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும், நடையும்தான். நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடுகிறது. அந்த ஓட்டம் குழாயின் உட்சுவரைத் தூண்டி, குழாயை விரியச் செய்கிற வாயு ஒன்றைச் சுரக்க வைக்கிறது. கால் தசைகள் ரத்தத்திலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்வதில் தேர்ச்சி பெறுகின்றன. அதனால் அதே மாடிப்படியை ஏற இதயம் முன்பைவிடக் குறைவாகத் துடித்தால் போதும். இதயத்தின் சுமையைக் கால் வாங்கிக்கொள்கிறது.

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் செய்த ஓர் ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. நெஞ்சுவலி கட்டுக்குள் இருந்த 101 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மறுபாதிக்கு ஸ்டென்ட் இல்லை, தினமும் 20 நிமிடம் நின்ற இடத்துச் சைக்கிள். ஓராண்டு கழித்து எந்தச் சிக்கலும் வராமல் இருந்தவர்கள் ஸ்டென்ட் தரப்பில் 70 சதவீதம், சைக்கிள் தரப்பில் 88 சதவீதம். தயவுசெய்து இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாரடைப்பு வந்து துடிக்கிறவருக்கு ஸ்டென்ட்தான் உயிர் காக்கும், சைக்கிள் அல்ல. ஆய்வில் இருந்தவர்கள் சிறிய கூட்டம், நிலையான நோய் உள்ளவர்கள். ஆனாலும் ‘ஸ்டென்ட் வெச்சாச்சு, நடை எதுக்கு’ என்று கேட்கிறவருக்கு இது நல்ல பதில். இன்னும் பெரிய கணக்கு வேண்டுமென்றால், 63 ஆய்வுகளையும் 14,000க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் ஒன்றாகத் தொகுத்து 2016இல் வந்த மதிப்பீடு இருக்கிறது. உடற்பயிற்சியோடு கூடிய மறுவாழ்வுச் சிகிச்சை பெற்றவர்களிடையே இதய நோய், ரத்தக்குழாய் நோய்களால் வரும் மரணம் 10.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஒரு புது மாத்திரை இவ்வளவு செய்திருந்தால் அதன் விலையை நினைத்துப் பாருங்கள்.

இப்போது இரண்டாமவரிடம் வருகிறேன். பயந்தவர். எனக்கு அதிகம் பேச வேண்டியிருப்பது இவரைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் இருந்தார். ‘என்னால் இது முடியும்’ என்று ஒருவர் நம்புவதுதான் அவர் அதைச் செய்வாரா மாட்டாரா என்பதை முடிவு செய்கிறது என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை வைத்து அங்கிருந்த ஆய்வாளர்கள், மாரடைப்பு வந்து மூன்று வாரமே ஆன ஆண்கள் 40 பேரை டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். முன்னும் பின்னும், நடப்பது, மாடி ஏறுவது, சுமை தூக்குவது இவையெல்லாம் உங்களால் எவ்வளவு முடியும் என்று கேட்டார்கள். டிரெட்மில்லிலிருந்து இறங்கியதும் நம்பிக்கை ஏறியிருந்தது. வீட்டுக்குப் போய் அவர்கள் எவ்வளவு நடமாடினார்கள் என்பதையும் அளந்தார்கள். டிரெட்மில்லில் இதயம் காட்டிய வேகத்தைவிட, மனசு காட்டிய நம்பிக்கையோடுதான் அந்த நடமாட்டம் ஒத்துப்போனது. நோயாளி வீட்டில் நடக்கிறாரா என்பதை அவருடைய எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. அவர் முகத்தைப் பார்த்தால் ஓரளவு சொல்லிவிடுவேன்.

அதே குழு அடுத்து செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. 1985இல் வெளிவந்தது. மாரடைப்பு வந்து மூன்று வாரம் ஆன 30 ஆண்கள் டிரெட்மில் சோதனைக்கு வந்தார்கள், மனைவிகளோடு. பத்து மனைவிகள் வெளியே காத்திருந்தார்கள். பத்துப் பேர் உள்ளே நின்று கணவர் நடப்பதைப் பார்த்தார்கள். மீதிப் பத்துப் பேர் பார்த்ததோடு நிற்காமல், கணவர் எந்த உச்ச வேகம் வரை, எந்தச் சரிவு வரை போனாரோ, அதே வேகத்தில் அதே சரிவில் தாங்களும் மூன்று நிமிடம் ஏறி நடந்தார்கள். பிறகு எல்லாத் தம்பதிகளுக்கும் மருத்துவர் உட்கார வைத்து விளக்கம் சொன்னார்.

முடிவு என்ன தெரியுமா? சோதனை முடிந்ததும் கணவர்களுக்குத் தங்கள் மேலிருந்த நம்பிக்கை ஏறியிருந்தது. மனைவிகளில், தாங்களே ஏறி நடந்த அந்தப் பத்துப் பேருக்குத்தான் கணவரின் உடம்பின் மேல் அவருக்கு இருந்த அளவுக்கு நம்பிக்கை வந்தது. வெளியே காத்திருந்தவருக்கும் வரவில்லை. பார்த்துக்கொண்டு நின்றவருக்கும் வரவில்லை. மூச்சு வாங்க, தொடை வலிக்கத் தானே நடந்து பார்த்த பிறகுதான், ‘அடேயப்பா, இவ்வளவு கஷ்டமானதையா இவர் நடந்தார்!’ என்று தோன்றியிருக்கிறது.

இப்போது நம் வீடுகளைப் பாருங்கள். ஸ்டென்ட் வைத்த அப்பா செருப்பைத் தேடினால், ‘எங்க கிளம்பிட்டீங்க? சும்மா உக்காருங்க, பையன் வாங்கிட்டு வருவான்’ என்று ஒரு குரல் வரும். குடத்தைத் தொட்டால் ஓடிவந்து பிடுங்குவார்கள். மாடியில் இருந்த படுக்கையைக் கீழே கொண்டுவந்து போடுவார்கள். மாடி பிறகு அவருக்கு அந்நிய நாடு. கல்யாணத்துக்குப் போனால் சொந்தக்காரர்கள் சுற்றி நின்று, ‘மச்சான், உங்க உடம்புக்கு அலையலாமா?’ என்று கேட்பார்கள். எல்லாம் பாசம்தான். ஆனால் இந்தப் பாசம் தினமும் பத்துத் தடவை அவருக்கு ஒரே செய்தியைத்தான் சொல்கிறது: நீ நோயாளி, உன்னால் முடியாது. நாங்கள் மாதம் ஒருமுறை ரெவியூவில் ஐந்து நிமிடம் பேசி அதை அழிக்க முடியுமா?

இதைச் சொன்னால் மனைவிமார்களைக் குறை சொல்வதாக ஆகிவிடும். நான் அப்படிச் சொல்லவில்லை. நள்ளிரவில் வியர்த்துக் கொட்டியவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்றவர் அவர்தான். உள்ளே படுத்திருந்தவருக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். வெளியே நின்றவருக்கு அதுவும் கிடையாது. அந்தப் பயத்தை வாயால் சொல்லித் தீர்க்க முடியாது. ஸ்டான்ஃபோர்டில் செய்ததைப் போல நடக்க வைத்துத்தான் தீர்க்க முடியும். அதனால் எங்கள் பிரிவில் ஆறு நிமிட நடைச் சோதனைக்கு நோயாளியோடு வீட்டில் உள்ள ஒருவரையும் வராந்தாவில் கூடவே நடக்கச் சொல்கிறோம். முப்பது மீட்டர் நீள வராந்தா, போய்த் திரும்பி, போய்த் திரும்பி. நாலாவது நிமிடத்தில் பல சமயம் கூட வந்தவருக்குத்தான் மூச்சு வாங்கும். நோயாளி திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். எந்த ஆலோசனையும் செய்யாத வேலையை அந்தச் சிரிப்பு செய்துவிடும்.

பயத்தைப் போக்க வேண்டுமென்றால் எது வரை போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். ‘பாத்து நடங்க’ என்ற சொல்லைப் போலப் பயமுறுத்துகிற சொல் வேறில்லை. ஆகவே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று வேறு சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி.

மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட் வைத்திருந்தால் அந்தக் கையால் சில நாட்களுக்குக் கனம் தூக்க வேண்டாம். தொடை இடுக்கு வழியாக என்றால் அந்த இடம் ஆறும்வரை குந்தி உட்காருவதும் சைக்கிளும் வேண்டாம். சமதள நடைக்குத் தடையில்லை. பைபாஸ் என்றால் பிளந்து கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு சேர ஆறிலிருந்து எட்டு வாரமாவது ஆகும், முழுப் பலம் வர அதற்கு மேலும் ஆகும். அதுவரை குடம், சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. இரண்டு சக்கர வாகனம் ஓட்டக் கூடாது. கைகளை ஊன்றி எழக் கூடாது. இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடையெல்லாம் எலும்புக்கானது, இதயத்துக்கானது அல்ல. கால்களுக்கு எந்தத் தடையும் இல்லை. பைபாஸ் நோயாளியை அறுவைக்கு அடுத்த ஓரிரு நாளிலேயே நாங்கள் எழுப்பி நடத்துவது அதனால்தான்.

முதல் வாரம் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், காலையும் மாலையும். ஒவ்வொரு வாரமும் சில நிமிடம் கூட்டிக்கொண்டு போனால், ஒன்று ஒன்றரை மாதத்தில் அரை மணி நேரம் வந்துவிடும். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற 150 நிமிடக் கணக்கு முடிந்தது. வேகம் எவ்வளவு? கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சே வரவில்லை என்றால் வேகம் அதிகம். பாட்டு வருகிறது என்றால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம். நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டு நடக்கிற சிலர் இருக்கிறார்கள். நீங்கள் சாப்பிடுகிற மாத்திரைகளில் ஒன்று துடிப்பையே ஏறவிடாமல் பிடித்து வைப்பது, அதனால் அந்த எண்ணிக்கை உங்களை ஏமாற்றும். கைக்கடிகாரத்தில் ஓடுகிற எண்ணும் அப்படித்தான். பேச்சுச் சோதனை ஏமாற்றாது.

வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே வேண்டாம். சித்திரை வெயிலில் வேண்டாம், விடியலில் முடித்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் சட்டைப் பையில் இரண்டு மிட்டாயும், காலுக்குச் சரியான ஷூவும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், தாடையிலோ கையிலோ வலி பரவினால், வியர்த்துக் கண் இருட்டினால், படபடப்பு அடங்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். நாக்கடியில் வைக்க மாத்திரை கொடுத்திருந்தால் வையுங்கள். வலி விடவில்லையென்றால் 108. வீடு வரை நடந்து போய்விடலாம் என்று பார்க்கக் கூடாது.

‘எனக்குப் பம்பிங் முப்பதுதான் டாக்டர், நான் நடக்கலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இதயத்தின் இறைக்கும் திறன் 35 சதவீதமும் அதற்குக் கீழும் இருந்த 2,331 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2009இல் முடிவு வந்தது. கண்காணிப்போடு தொடங்கிய உடற்பயிற்சி அவர்களுக்கும் பாதுகாப்பானதே. ஆயுளை நீட்டியது என்று அடித்துச் சொல்லும்படி முடிவு வரவில்லை, ஆனால் அன்றாட வாழ்க்கை கொஞ்சம் இலகுவானது. ஆகவே நடக்கலாம். முதல் சில வாரம் மருத்துவமனையில், எங்கள் கண் முன்னால்.

யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாடி நெஞ்சுவலியும் மூச்சிரைப்பும் இல்லாமல் ஏற முடிகிறவருக்குத் தாம்பத்தியத்துக்குத் தடையில்லை. நைட்ரேட் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கென்று கடையில் விற்கிற மாத்திரைகளைத் தொடக் கூடாது. ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். இந்தக் கேள்வியை மனதிலேயே வைத்துக்கொண்டு பல தம்பதிகள் வருடக்கணக்கில் தனித்தனிக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள்.

தொடங்குவது எப்படி என்று சொன்னேன். தொடர்வது அதைவிடக் கடினம். பயிற்சியைத் தொடங்குகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் விட்டுவிடுகிறார்கள் என்பது பல நாட்டு அனுபவம். ‘நடக்கலைன்னா அடுத்த அட்டாக் வரும்’ என்று மிரட்டுவது எங்கள் வழக்கம். மிரட்டலுக்கு ஆயுள் குறைவு. நெஞ்சுவலி மறையும்போது அதுவும் மறைந்துவிடும். நிற்பது எது என்றால், அவரவருக்கே வேண்டிய ஏதோ ஒன்று. ஒரு நெசவாளி என்னிடம், ‘ஆடிக்குள்ள தறியில உக்காரணும், அவ்வளவுதான்’ என்றார். ஒரு பாட்டிக்குப் பழனி படிக்கட்டு. இன்னொருவருக்குப் பேத்தியைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட வேண்டும், வேனில் அனுப்ப மனசில்லை. இவர்களிடம் 150 நிமிடம் என்று பேசுவது வீண். பழனியில் 690க்கும் மேல் படி இருக்கிறது, இப்போது வீட்டு மாடிப்படி பதினாறு ஏறுகிறீர்கள், அடுத்த மாதம் இரண்டு தடவை ஏறிப் பார்ப்போம் என்று பேசினால் அந்தப் பாட்டிக்குக் கண் மின்னுகிறது.

ஜெர்மனியில் இதய மறுவாழ்வு மையங்களிலிருந்து வீடு திரும்பியவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. ‘நடப்பேன்’ என்று உறுதி எடுப்பது போதாது. எப்போது, எங்கே, யாரோடு என்று எழுதிக்கொள்ள வேண்டும். அதோடு, எது வந்து கெடுக்கும், வந்தால் என்ன செய்வேன் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டையும் எழுதியவர்கள்தான் மாதங்கள் கழித்தும் அதிகம் நடந்தார்கள். நம் ஊருக்கு மாற்றிச் சொன்னால், மழை பெய்தால் எங்கே நடப்பேன்? தெருநாய் துரத்தினால்? விருந்தாளி வந்து ஒரு வாரம் தங்கினால்? மழைக்குக் கல்யாண மண்டபத்து வராந்தா, நாய்க்கு மொட்டை மாடி, விருந்தாளியையும் கூட்டிக்கொண்டு நடப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்தவருக்கு அந்த நாள் வரும்போது யோசனை வேண்டியதில்லை. பத்து நாள் விட்டுப்போனால் பதினோராம் நாள் பாதித் தூரத்தில் தொடங்குங்கள். விட்டுப்போனதற்காக என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டாம்.

இன்னொரு காரணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு வருகிறது. எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, யாரோடும் பேச்சில்லை. இவரைப் பிடித்து ‘நட, நட’ என்று தள்ளுவது கொடுமை. இதற்கு மருத்துவம் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

பெண்களைப் பற்றி. உலகமெங்கும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிற பெண்கள் ஆண்களைவிடக் குறைவு, வருகிறவர்கள் அதைவிடக் குறைவு. நம் ஊரில் கேட்டால், ‘நாள் பூரா வீட்டு வேலை செய்யறேனே, அது நடை இல்லியா?’ என்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டு வேலை உழைப்புதான். ஆனால் அடுப்பு முன்னால் நிற்பதும், நாலு அடி நடந்து திரும்புவதும், மூச்சு ஏறி பத்து நிமிடமாவது அதே வேகத்தில் தொடர்கிற நடையின் வேலையைச் செய்வதில்லை. உண்மையான சிக்கல் வேறு. காலை ஐந்தரைக்கு ஆண்கள் பூங்காவில் இருக்கிறார்கள். அதே ஐந்தரைக்குப் பெண்கள் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்த பெண்ணுக்கு அந்த வீடு கொடுக்க வேண்டிய மருந்து அரை மணி நேரம்தான். அதை யார் கொடுப்பது? இங்கே உட்கார்ந்திருக்கும் கணவன்மார்களும் மகன்களும் இன்று இரவே பேசி முடிவு செய்யுங்கள்.

யோகா பற்றியும் கேட்பார்கள். இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த ஏறத்தாழ 4,000 பேரிடம் யோகா அடிப்படையிலான மறுவாழ்வுப் பயிற்சியைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். மறுபடி மாரடைப்போ மரணமோ வருவது குறைந்தது என்று நிரூபணமாகவில்லை. ஆனால் அவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்புவது அதிகமாக இருந்தது, உடல்நலம் தேவலை என்ற உணர்வும் கூடியிருந்தது. நடைக்கு மனசு வராதவர் அதில் தொடங்கட்டும்.

இந்தியாவில் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை 1975இல் நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் டாக்டர் கே.எம்.செரியன் கையால் நடந்தது. இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு வருகிற கூலித் தொழிலாளிக்கும் ஸ்டென்ட் கிடைக்கிறது. இது சாதாரணச் சாதனை அல்ல. ஆனால் ஸ்டென்ட் வைத்த பிறகு அவரை நடக்கவைக்க ஓர் அறையும் ஒரு பிசியோதெரபிஸ்டும் பல மருத்துவமனைகளில் இல்லை. 2023 நவம்பரிலிருந்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஸ்டென்ட் வைத்தவர் முதல் வாரமே எட்டும் நடந்துவிடலாம் என்று கிளம்பிவிட வேண்டாம். அந்தப் பாதையின் முதல் அரைக் கிலோமீட்டர் உங்களுக்கு, மீதி பிறகு.

இங்கே என் சக மருத்துவர்களும் சிலர் இருக்கிறீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைக்குப் பெயர், அளவு, வேளை எழுதுகிறோம். நடைக்கும் அப்படியே எழுதுங்கள்: காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து. எழுதிக் கொடுக்கும்போது நோயாளியிடம் மட்டும் கொடுக்காமல், பக்கத்தில் நிற்பவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ரெவியூவுக்கு ரிப்போர்ட் பையைத் தூக்கிக்கொண்டு வர ஒருவரை அழைத்து வருவீர்கள் அல்லவா, உங்கள் உடம்பைப் பற்றி வீட்டில் அதிகம் பயப்படுகிறவர் யாரோ, அவரையே அழைத்து வாருங்கள். வரும்போது நடப்பதற்கு வசதியான செருப்போ ஷூவோ போட்டு வரச் சொல்லுங்கள். வராந்தாவில் அவரும் ஆறு நிமிடம் நடக்க வேண்டியிருக்கும்.